புலிகளை யார் எண்ணினார்கள், அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்?

"2006-ல் தமிழ்நாட்டில் 76 புலிகள், 2022-ல் 306 புலிகள் என்கிறார்கள். பதினாறு வருடத்தில் நாலு மடங்கா? காட்டுக்குள் போய் யார் எண்ணினார்கள்? எங்கள் ஊர்ப்பக்கம் புலி நடமாட்டம் அதிகமானதற்கும் இதுதான் காரணமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எண்ணும் முறையைப் பற்றிக் கேட்பதுபோல் இருந்தாலும், உங்கள் சந்தேகம் வேறு என்று படுகிறது. கூடியது புலியா, அல்லது புலியைக் கண்டுபிடிக்கும் திறமையா? அதுதான் கேள்வி. சுருக்கமான பதில், இரண்டும் கூடியிருக்கிறது. நாலு மடங்கு என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது, வெறும் விளம்பரம் என்று தள்ளிவிடவும் முடியாது. நீலகிரி, சத்தியமங்கலம் காடுகளில் கேமரா கட்டும் ஆளாக வேலையைத் தொடங்கி, இப்போது அந்தப் படங்களைப் பிரித்துக் கணக்குப் போடும் வேலையில் இருக்கிறேன், மொத்தம் பதினான்கு வருடம் ஆகிறது. சுந்தரவனத்திலோ அருணாசலப் பிரதேசக் காடுகளிலோ வேலை செய்ததில்லை. அதனால் எனக்குத் தெரிந்த தெற்கத்திக் காட்டை வைத்தே சொல்கிறேன்.

முதலில் பழைய முறையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களைப் போலப் பலருக்கும் இருக்கும் சந்தேகத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. நாற்பது வருடத்துக்கு அருகில் இந்தியாவில் புலியை எண்ணியது காலடித் தடத்தை வைத்துத்தான். ஒடிசாவின் சிம்லிபால் காட்டில் பணியாற்றிய எஸ்.ஆர். சௌத்ரி 1960-களில் அந்த முறையை உருவாக்கினார். மண்ணில் பதிந்த தடத்தின் மேல் கண்ணாடியை வைத்து வரைந்துகொள்வார்கள், அல்லது சாந்து ஊற்றி அச்செடுப்பார்கள், அந்த வடிவத்தை வைத்து இது இன்ன புலி என்று முடிவு செய்வார்கள். ஒரு புலியின் தடம் இன்னொன்றின் தடம்போல் இருக்காது என்பது நம்பிக்கை. ஆனால் ஓடையோர ஈர மணலில் ஒரு புலியின் கால் எப்படி விரிந்து பதிகிறது, அதே புலி நூறு அடி தள்ளிக் காய்ந்த செம்மண்ணில் நடக்கும்போது எப்படிப் பதிகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அந்த நம்பிக்கை நிலைக்காது. முன்காலும் பின்காலும்கூட வேறு வேறு வடிவம். ஆண், பெண், குட்டி என்று ஓரளவு பிரிக்கலாம், நானும் அதற்குத் தடத்தைத்தான் பார்க்கிறேன். ஆளை அடையாளம் சொல்ல அது போதாது. இதன் விளைவு ராஜஸ்தானின் சரிஸ்காவில் தெரிந்தது. காகிதத்தில் அங்கே புலிகள் இருந்துகொண்டே இருந்தன. 2005 தொடக்கத்தில் தேடிப் பார்த்தபோது ஒன்றுகூட இல்லை, எல்லாம் கள்ள வேட்டைக்குப் பலியாகியிருந்தன. அந்த அதிர்ச்சிக்குப் பிறகுதான் மத்திய அரசு பணிக்குழு அமைத்தது, தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் வந்தது, எண்ணும் முறையும் மாறியது. ஆக, 2001-02-ல் சொன்ன 3,642 என்ற தேசிய எண்ணை 2006-ல் வந்த 1,411-ஓடு ஒப்பிட்டு, பாதிக்கு மேல் அழிந்துவிட்டது என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். இரண்டும் இரண்டு அளவுகோல். முந்தையதை அளவுகோல் என்று சொல்லவே எனக்கு மனம் வரவில்லை.

இப்போதைய முறைக்கு ஒரு கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். வலை வீசி 50 மீன் பிடிக்கிறீர்கள், வால் துடுப்பில் சின்னதாக ஒரு வெட்டுப் போட்டு விட்டுவிடுகிறீர்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி வீசினால் 40 மீன் கிடைக்கிறது, அதில் 10 மீனுக்கு வால் வெட்டு இருக்கிறது. கிடைத்ததில் நாலில் ஒரு பங்கு ஏற்கெனவே நீங்கள் பிடித்தது. அப்படியானால் நீங்கள் வெட்டுப் போட்ட 50 மீனும் கண்மாயில் நாலில் ஒரு பங்காக இருக்க வேண்டும், மொத்தம் சுமார் 200. கண்மாயை வற்ற வைக்காமலே கணக்கு வந்துவிட்டது. புலிக்கு வெட்டுப் போட வேண்டியதில்லை, அதன் வரிகளே போதும். நம் கைரேகைபோல ஒவ்வொரு புலிக்கும் வரி வேறு, அதே புலியின் இடது விலாவும் வலது விலாவும்கூட ஒன்றாக இருப்பதில்லை. வனவுயிர் ஆய்வாளர் உல்லாஸ் கரந்த் 1990-களில் கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் கேமராக்களைக் கட்டி, இந்தக் கணக்கைப் புலிக்குப் பொருத்திக் காட்டினார். எல்லா மீனும் ஒரேபோல வலையில் சிக்காது, சில புலிகள் பாதையிலேயே நடக்கும், சில பாதையை ஒட்டியே வராது. அதற்கும் இன்றைய கணக்கில் இடம் உண்டு. ஒரு புலி எந்தெந்தக் கேமராவில் எத்தனை முறை விழுந்தது, அந்தக் கேமராக்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்பதை எல்லாம் சேர்த்துத்தான் 100 சதுர கிலோமீட்டருக்கு இத்தனை புலி என்ற அடர்த்தியைப் போடுகிறோம்.

காட்டில் இது எப்படி நடக்கிறது என்றால், இரண்டு சதுர கிலோமீட்டருக்கு ஒரு ஜோடி கேமரா. புலிக்கு முள்ளுக்குள் நுழைந்து நடப்பதில் விருப்பமில்லை, ஜீப் பாதை, யானைத் தடம், வறண்ட ஓடை இவைதான் அதன் சாலை. எந்த மரத்தில் உரசும், எங்கே மூத்திரம் பீய்ச்சி எல்லை போடும் என்பது எனக்கு முதல் வருடம் தெரியாது. சொல்லிக்கொடுத்தது இருளர் சமூகத்தைச் சேர்ந்த ஒரு வேட்டைத் தடுப்புக் காவலர். நான் வரைபடத்தைப் பார்த்து ஓர் இடத்தில் கேமரா கட்டப்போனேன். அவர், "இங்க வராது தம்பி, அந்த வளைவுல கட்டுங்க" என்று முப்பது அடி தள்ளிக் கட்டவைத்தார். மூன்றாம் நாள் படம் விழுந்தது. பாதையின் இருபக்கமும் முழங்கால் உயரத்தில் எதிரும் புதிருமாகக் கட்ட வேண்டும், ஆனால் ஒன்றின் வெளிச்சம் இன்னொன்றின் கண்ணில் அடிக்காதபடி சற்று விலக்கி. முன்னால் இருக்கும் புல்லைச் செதுக்க மறந்தால், காற்றில் புல் ஆடிய படமே ஆயிரக்கணக்கில் வந்து நிற்கும். யானை பிடுங்கி வீசும், அதற்குச் சங்கிலி போட்ட இரும்புப் பெட்டி. ஏறக்குறைய ஒரு மாதம் அப்படியே ஓட விடுவோம். அந்த ஒரு மாதத்துக்குள் அந்த இடத்தில் பிறப்பும் இறப்பும் குடிபெயர்வும் பெரிதாக இருக்காது என்று வைத்துக்கொண்டுதான் கணக்கே நிற்கிறது, மாதக்கணக்கில் இழுத்தால் அது உடைந்துவிடும்.

தவறு எங்கே நுழையும் என்பதற்கு என் அனுபவம் ஒன்று. ஒரு வருடம் ஒரு ஓடைக்கரை ஜோடியில் ஒரு கேமரா பேட்டரி தீர்ந்து நின்றுவிட்டது. மிச்சமிருந்ததில் ஒரு புலியின் இடது விலா மட்டும் விழுந்தது. நாலு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு ஜோடியில், அதே மாதிரி பாதி வேலை செய்ததில், ஒரு புலியின் வலது விலா மட்டும். அந்த வலது விலாவில், பின்தொடைக்கு மேலே, கவட்டைபோல் இரண்டாகப் பிரியும் ஒரு வரி இருந்தது, இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. நான் இரண்டு புலி என்று எழுதிவைத்தேன். அடுத்த சுற்றில் இரண்டு கேமராவும் ஒழுங்காக வேலை செய்த ஓர் இடத்தில் ஒரே புலி நடந்து போயிருந்தது. இடப்பக்கம் ஓடைக்கரைப் புலி, வலப்பக்கம் கவட்டை வரி. ஒரே பெண் புலி. ஒரு சின்னப் பகுதியில் பன்னிரண்டு என்று எழுதியது பதினொன்று ஆனது. அதிலிருந்து, ஒரு பக்கம் மட்டும் இருக்கும் படங்களை இன்னொரு பக்கத்தோடு சேர்த்து எண்ணுவதே இல்லை, இடதா வலதா எதில் அதிகப் புலி இருக்கிறதோ அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்வேன். கவனமாக வேலை செய்யும் எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள். வரிகளை ஒப்பிட மென்பொருள் இருக்கிறது. அது பொருந்தக்கூடிய சில படங்களை வரிசையாக எடுத்துத் தரும், இதுதான் என்ற முடிவை ஓர் ஆள் உட்கார்ந்து கண்ணால் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

சரி, நாடு முழுக்க எடுத்த கணக்குக்கு வருவோம். நாலு வருடத்துக்கு ஒருமுறை ஆணையமும் இந்திய வனவுயிர் நிறுவனமும் மாநில வனத்துறைகளும் சேர்ந்து செய்கின்றன. 2018-ல் 26,838 இடங்களில் கேமரா வைத்தார்கள், 3 கோடியே 48 லட்சம் படங்கள் வந்தன, அதில் புலி இருந்தவை 76,651. உலகிலேயே பெரிய கேமரா கணக்கெடுப்பு என்று கின்னஸில் பதிவானது. அந்தப் படங்களில் 2,461 தனித்தனிப் புலிகளை அடையாளம் கண்டார்கள், மொத்த மதிப்பீடு 2,967. 2022-ல் அடையாளம் கண்டவை 3,080, மொத்தம் 3,682. இரண்டு முறையும் ஏறக்குறைய ஆறில் ஐந்து பங்கு புலிகளுக்குப் படம் இருக்கிறது. கணக்கின் மூலம் சேர்த்தது மிச்சம் ஒரு பங்குதான். இதை நான் உறுதியான பகுதி என்பேன். 3,080 புலிகளின் வரிகளைக் கற்பனை செய்ய முடியாது.

உறுதி குறைவான பகுதிக்கு இப்போது வருகிறேன். கேமரா எல்லாக் காட்டிலும் இல்லை. கேமரா இல்லாத இடங்களில் வனக்காவலர்கள் நடந்து தடம், எச்சம், மான் வகைகள், மனித நடமாட்டம் எல்லாவற்றையும் பதிவு செய்கிறார்கள். கேமரா இருக்கும் இடத்தில் இந்த அறிகுறிகளுக்கும் புலி அடர்த்திக்கும் என்ன தொடர்பு தெரிகிறதோ, அதை வைத்துக் கேமரா இல்லாத இடத்துக்கும் எண் போடுகிறார்கள். இந்த நீட்டிப்பு எவ்வளவு நம்பகமானது என்பதில் அறிஞர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. 2015-ல் அர்ஜுன் கோபாலசாமி, உல்லாஸ் கரந்த் உள்ளிட்டோர் இதன் கணித அடிப்படையே பலவீனமானது என்று ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள், வனவுயிர் நிறுவனத்தார் மறுத்தார்கள். என் கருத்து, விமர்சனத்தில் வலு இருக்கிறது. ஆனால் கேமரா பரப்பு கூடக்கூட, இந்த நீட்டிப்பால் வரும் பங்கு சுருங்கிக்கொண்டே வருவதால், 2006 எண்ணைவிட 2022 எண்ணை அது குறைவாகவே பாதிக்கிறது. மூலத் தரவுகள் முழுமையாக வெளியே கிடைப்பதில்லை என்பதுதான் எனக்கு உண்மையான வருத்தம். வேட்டைக்காரர்களுக்கு இடம் தெரிந்துவிடும் என்ற பயம் நியாயம்தான், அதற்காக இடத்தை மறைத்துவிட்டு மற்றதைக் கொடுக்கலாம். சுயேச்சையான ஆட்கள் அதே தரவில் கணக்குப் போட்டுப் பார்த்தால், இப்படிப் பொதுமக்கள் சந்தேகப்படும் நிலையே வராது.

அப்புறம், செய்தியில் ஒற்றை எண்தான் வரும், அறிக்கையில் அது ஒரு எல்லைக்கு நடுவில் இருக்கும். 2006-ன் 1,411 என்பது 1,165 முதல் 1,657 வரை. 2022-ன் 3,682 என்பது 3,167 முதல் 3,925 வரை. முந்தையதன் மேல் எல்லையும் பிந்தையதன் கீழ் எல்லையும் கிட்டவே வரவில்லை என்பதைப் பாருங்கள். இன்னொரு மாற்றமும் நடந்தது. 2014 வரை ஒன்றரை வயதுக்கு மேற்பட்ட புலிகளைத்தான் கணக்கில் எடுத்தார்கள், 2018-ல் ஒரு வயதைத் தாண்டியவை எல்லாம் சேர்ந்தன. அந்த ஆறு மாத வித்தியாசத்தில் கொஞ்சம் எண் கூடத்தான் செய்யும், அது காட்டில் கூடிய புலி இல்லை.

இப்போது உங்கள் 76-க்கும் 306-க்கும். நடுவில் இருக்கும் எண்களையும் வைத்துப் பாருங்கள்: 2006-ல் 76, 2010-ல் 163, 2014-ல் 229, 2018-ல் 264, 2022-ல் 306. முதல் நாலு வருடத்தில் மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் குதிக்கிறது, பிறகு நிதானமாக ஏறுகிறது. புலி ஒரு ஈற்றில் பெரும்பாலும் இரண்டிலிருந்து நாலு குட்டி போடும், குட்டிகள் ஏறக்குறைய இரண்டு வயது வரை தாயோடு இருக்கும், அதுவரை அடுத்த ஈற்று இல்லை, பிறந்ததில் பாதிகூடத் தேறாமல் போவதும் உண்டு. இந்த வேகத்தில் ஒரு மாநிலம் முழுக்க நாலு வருடத்தில் இரட்டிப்பது கடினம். அதனால் 2006-க்கும் 2010-க்கும் நடுவில் ஏறியதில் பெரும்பங்கு, முன்பே இருந்த புலிகள் கண்ணில் பட்டதுதான் என்பது என் கணிப்பு. சத்தியமங்கலத்தை யோசியுங்கள். 2004 வரை வீரப்பன் தேடுதல் நடந்த காடு, ஆய்வாளர்கள் நிம்மதியாக நடந்துபோக முடியாத இடம். 2008-ல்தான் சரணாலயம் ஆனது, 2013-ல் புலிகள் காப்பகம். முதுமலையும் ஆனைமலையும் காப்பகம் ஆனதே 2007-ல். காப்பகம் ஆனால் ஆளும் பணமும் கேமராவும் வரும், புலி பதிவாகும்.

அதற்காக 2010-க்குப் பிறகு வந்த ஏற்றத்தையும் இப்படியே தள்ள வேண்டாம். 163-லிருந்து 306 ஆக பன்னிரண்டு வருடம் எடுத்திருக்கிறது, உயிரியல்படி நடக்கக்கூடிய வேகம் அது. கேமரா பரப்பு கூடியதும் இதில் சேர்ந்திருக்கும். ஆனால் ஒரே இடத்தில், ஒரே மாதிரி கேமரா கட்டிய பகுதிகளிலேயே புதுப் புலிகள் வருவதையும், பெண் புலிகள் குட்டியோடு வருவதையும் வருடா வருடம் நானே பார்த்திருக்கிறேன். சத்தியமங்கலம் தனிக் காடு இல்லை. முதுமலை, பந்திப்பூர், நாகரஹொளே, வயநாடு, பிலிகிரி ரங்கன் மலை எல்லாம் கைகோத்து நிற்கும் தொகுப்பில் அது ஒரு துண்டு. பந்திப்பூரில் நிரம்பினால் இளம் ஆண் புலிகள் இந்தப் பக்கம்தான் வரும். ஒரே புலி இரண்டு மாநிலக் கேமராவிலும் விழுவதால், இரண்டு பக்கப் படங்களையும் ஒப்பிட்டு இரட்டிப்பை நீக்குகிறார்கள். மாநில வாரியாக வரும் எண்ணுக்கு அளவுக்கு மீறி மதிப்புக் கொடுக்காமல் இருக்க இதுவே போதுமான காரணம், மாயாற்றைத் தாண்டும் புலிக்கு மாநிலம் கிடையாது.

எல்லாக் காடும் இப்படி நிரம்பும் என்றும் எதிர்பார்க்கக் கூடாது. தமிழ்நாட்டின் முதல் காப்பகம் 1988-ல் வந்த களக்காடு முண்டந்துறை, ஆனால் அங்கே அடர்த்தி குறைவு. நிர்வாகம் சரியில்லை என்று அதற்குப் பழி சொல்வதைக் கேட்டிருக்கிறேன், அது நியாயமில்லை. அங்கே பெரும்பகுதி செங்குத்தான மழைக்காடு, தரையில் புல் குறைவு, புல் குறைந்தால் மிளாவும் காட்டுமாடும் குறைவு. ஒரு புலி வருடத்துக்குச் சுமார் 50 மான் அளவு விலங்குகளைத் தின்னும், இரைத்தொகையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காது என்று கரந்தும் சக ஆய்வாளர்களும் 2004-ல் கணக்கிட்டார்கள். அதாவது ஒரு புலி நிலைக்க, அதைச் சுற்றி 500 இரை விலங்குகள் வேண்டும். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால் முதுமலையில் உண்ணிச்செடி பரவுவது எனக்கு ஏன் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று புரியும். அதன் அடியில் புல் முளைக்காது.

செத்த புலிகளின் செய்தி வரும்போதெல்லாம் அழிகிறதே என்று பதறுவதும் சரியில்லை. நாகரஹொளேயில் ஒன்பது வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வில், வருடத்துக்கு நூற்றுக்கு இருபதுக்கும் மேற்பட்ட புலிகள் செத்தோ வெளியேறியோ மறைந்தன, அடர்த்தி குறையவில்லை. இரையும் பாதுகாப்பும் இருக்கும் இடத்தில் குட்டிகள் அந்த இடத்தை நிரப்பிவிடும். சுருக்குக் கம்பியில் சாகும் ஒரு பெண் புலியின் கணக்கு வேறு, அதன் வயிற்றில் இருப்பதும் பின்னால் நடப்பதும் சேர்ந்து போகும்.

கடைசியாக, உங்கள் ஊர்ப்பக்க நடமாட்டம். புலி கூடியதால்தான் என்று யாராவது அடித்துச் சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இளம் புலி இடம் தேடி வரலாம், காயம்பட்ட கிழப்புலி மாடு தேடி வரலாம், முன்பு வந்தபோது யார் கையிலும் கைபேசி இல்லாமல் இருந்திருக்கலாம். ஒரே புலியைப் பத்துப் பேர் பார்த்தால் ஊருக்குள் பத்துப் புலியாகிவிடும். 2021-ல் கூடலூர், மசினகுடிப் பக்கம் ஆட்களைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட டி23 என்ற புலியைத் தேடியபோது, எந்தப் புலி என்று உறுதி செய்ய உதவியதும் கேமராவில் விழுந்த வரிகள்தான். வேறு புலியைப் பிடித்துவிடாமல் அதையே உயிரோடு பிடித்தார்கள். உங்கள் ஊரில் தடம் பார்த்தால் பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்துப் படம் எடுத்து, தேதியும் இடமும் எழுதி வனச்சரக அலுவலகத்தில் கொடுங்கள், கேமரா கட்டச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு பக்கமும் கட்டச் சொல்லுங்கள்.